கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்குக் குறைந்த செலவில் லேப்டாப்: வட சென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ. எதுவானாலும் பல வீடுகளில் டூவீலருக்கு அடுத்து ஒரே தடவையில் செலவாகும் பெரிய தொகை லேப்டாப்புக்குத்தான். அந்தப் பணம் மூன்று நான்கு வருஷம் உழைக்க வேண்டும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதையே இங்கே சொல்லியிருக்கிறோம்.

ஃபர்ஸ்ட் இயருக்கே லேப்டாப் வேணுமா? காலேஜ் லேப்ல இருக்குமே?

வேண்டும், ஆனால் அட்மிஷன் போட்ட அன்றே வேண்டியதில்லை. முதல் செமஸ்டரில் பெரும்பாலும் சி அல்லது பைத்தான் என்ற நிரல்மொழி வரும். அதை லேபில் வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் அடித்துப் பார்த்தால் கை பழகாது. எர்ரர் வந்தால் உட்கார்ந்து யோசித்துச் சரிசெய்யும் நேரம் வீட்டில்தான் கிடைக்கும். இருந்தாலும் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்து வாங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எந்த சாஃப்ட்வேர், எவ்வளவு ராம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான நினைவகம்) தேவை என்று துறையிலேயே சொல்லும் கல்லூரிகள் உண்டு. அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. உங்கள் கல்லூரியும் ஆண்டும் அந்தப் பட்டியலில் உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரிக்காமல் கடன் வாங்கிவிடாதீர்கள்.

டேப்லெட் சீப்பா கிடைக்குது, அதுல படிக்க முடியாதா? இல்ல டெஸ்க்டாப் வாங்கிடலாமா?

டேப்லெட் வீடியோ பார்க்கவும் பிடிஎஃப் படிக்கவும் சரி. கம்பைலர் (எழுதிய நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுவது), டேட்டாபேஸ், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ (மொபைல் ஆப் உருவாக்கும் மென்பொருள்) எல்லாம் அதில் ஒழுங்காக ஓடாது. குரோம்புக்கும் இந்தப் படிப்புக்கு வேண்டாம்.

டெஸ்க்டாப் அதே விலையில் வேகம் அதிகம் தரும், பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் வண்ணாரப்பேட்டையில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மேஜைக்கு இடமிருக்காது. கரன்ட் போனால் வேலையும் போய்விடும். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு எடுத்துப் போகவும் முடியாது. வீட்டில் நிரந்தரமாக ஒரு மூலை கிடைக்கும் என்றால் மட்டும் டெஸ்க்டாப்பை யோசியுங்கள்.

அண்ணா, நாற்பதாயிரம்தான் பட்ஜெட். குறைந்தபட்சம் என்னென்ன இருக்கணும்?

16 ஜிபி ராம், இல்லையென்றால் 8 ஜிபியோடு ராம் கூட்டுவதற்குக் காலி ஸ்லாட். தகவல் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி. 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளிறாத ஐபிஎஸ் திரை. கீழே அடுத்த கேள்வியில் சொல்லும் பிராசஸர்களில் ஒன்று. இவ்வளவுதான் கட்டாயம். பணம் போதவில்லை என்றால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ராமில் இறங்காதீர்கள்.

கைரேகை ரீடர், தொடுதிரை, வண்ண விளக்கு எரியும் கீபோர்ட், மேலே ஒட்டியிருக்கும் கேமிங் ஸ்டிக்கர் எதற்கும் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஐ5 தான் வாங்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஐ3 போதாதா?

இன்டெல் பிராசஸரின் ஐ3, ஐ5 என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஐ3-1215யு 2022இல் வந்த சிப், ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்டது. நான்கே கோர் உள்ள எட்டாம் தலைமுறை ஐ5-ஐ விட அது வேகமானது. பி.எஸ்சி., பி.சி.ஏ. பாடங்கள் முழுவதற்கும் அது தாராளம். ஐ3-1315யு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பி.இ. நான்கு வருஷம் என்றால் பத்து கோர் கொண்ட ஐ5-1235யு அல்லது எட்டு கோர் கொண்ட ஐ5-12450எச் கிடைத்தால் நல்லது. இப்போது இன்டெல் ஐ என்ற எழுத்தை எடுத்துவிட்டு கோர் 3, கோர் 5 என்றும் விற்கிறது. அதனால் குழம்ப வேண்டாம், வரிசை அதேதான்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் பிராசஸரில் அதிகம் பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 7000 வரிசை எண்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு புதியது என்று சொல்லும். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர். ரைசன் 5 7530யு என்பதில் 3. ஜென் 3, ஆறு கோர். இரண்டுக்கும் பெட்டியில் ரைசன் 5 என்றுதான் போட்டிருக்கும், விலை வித்தியாசமும் சில சமயம் சொற்பமாகத்தான் இருக்கும். 7520யு, 7320யு இரண்டிலும் ராம் போர்டிலேயே சாலிடர் செய்தது. பிறகு கூட்ட வழியே இல்லை. 8 ஜிபியோடு அவற்றை வாங்கினால் கடைசி வருஷம் வரை 8 ஜிபிதான்.

இன்டெலின் கீழ்நிலை பிராசஸரான செலரான் என்று போட்டிருந்தால், எவ்வளவு சீப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போ 8 ஜிபி வாங்கிட்டு அப்புறமா ராம் ஏத்திக்கலாம்ல?

ஸ்லாட் இருந்தால் ஏற்றலாம். விற்பவர் வாய்வார்த்தையை நம்பாமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரி வரும். 2இல் 1 என்றிருந்தால் ஒன்று காலி. சாலிடர் செய்த ராமையும் சில மாடல்கள் ஒரு ஸ்லாட்டாகவே காட்டும். அதனால் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் தளத்திலும் ஒரு தடவை பாருங்கள். டிடிஆர்4 வகை ராம் போடும் லேப்டாப்பில் டிடிஆர்5 பொருந்தாது. வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். ஏற்கெனவே ஒரு 8 ஜிபி இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுவதே சிறந்தது. இரண்டும் சேர்ந்து இரட்டைச் சேனலில் ஓடுவதால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸும் வேகமாகும்.

ஆனால் 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அப்புறம் ஏற்றிக்கொண்டால் மலிவு என்ற பழைய கணக்கு இப்போது அப்படியே செல்லாது. 16 ஜிபி மாடலின் விலை வித்தியாசத்தையும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் அன்றைக்குத் தனி 8 ஜிபி ராமின் விலையையும் கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

8 ஜிபி எப்போது திணறும் என்றால், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் (திரைக்குள் ஓடும் போலி மொபைல்) சேர்த்துத் திறக்கும்போது. அதற்கு 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் டாக்கர், விர்ச்சுவல் மெஷின் ஓட்டும்போதும் அப்படியே. சி, பைத்தான், ஜாவா, மைஎஸ்கியூஎல் வரை 8 ஜிபி தாங்கும்.

256 ஜிபி எஸ்எஸ்டி நல்லதா, 1 டிபி ஹார்ட் டிஸ்க் நல்லதா?

எஸ்எஸ்டி. இதில் பேச்சே இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஓட்டினால் திறக்கவே நிமிஷக் கணக்கில் ஆகும், கையிலிருந்து விழுந்தால் தகவலும் போகும். 256 ஜிபி என்பது விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். விண்டோஸ், அப்டேட், நிரல் எழுதும் ஐடிஇ மென்பொருள் ஒன்றிரண்டு போட்டால் பாதி போய்விடும். அதனால்தான் 512 என்றோம். இஎம்எம்சி 64 ஜிபி, 128 ஜிபி என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது வேகம் குறைந்த சேமிப்பகம், மாற்றவும் முடியாது.

ஏஐ, மெஷின் லேர்னிங் படிக்கணும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம முடியுமா?

முடியும். முதல் இரண்டு வருஷத்துக்கான பயிற்சிகள் சாதாரண சிபியூவிலேயே ஓடும். நியூரல் நெட்வொர்க் கட்டும் நிலைக்கு வந்தால் கூகுள் கோலாப் என்ற தளத்தில் இலவசமாக டி4 என்ற ஜிபியூ (கிராஃபிக்ஸ் கார்டு) இணையம் வழியே கிடைக்கிறது. காகிள் என்ற தளத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேரம். பட்ஜெட் கேமிங் லேப்டாப்பில் வரும் 4 ஜிபி கார்டை விட டி4இல் இருக்கும் 16 ஜிபி நினைவகம் பல மடங்கு உபயோகம். ஆனால் இரண்டுக்கும் நல்ல இன்டர்நெட் வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் சேமிக்காதது போய்விடும். இடையிடையே கூகுள் டிரைவில் சேமிக்கும்படி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

கேமிங் லேப்டாப்புக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடை, பெரிய அடாப்டர், சீக்கிரம் தீரும் பேட்டரி. விளையாட வேண்டும் என்றால் அதை வெளிப்படையாக வீட்டில் சொல்லி வாங்குங்கள். படிப்புக்கு வேண்டும் என்று அப்பாவிடம் இருபதாயிரம் கூடுதலாகக் கேட்காதீர்கள்.

தினமும் கும்மிடிப்பூண்டி லைன்ல எலக்ட்ரிக் ட்ரெயின். எந்த சைஸ் வசதி?

நின்றுகொண்டே பயணம் செய்கிறவர்களுக்கு 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள். வீட்டிலேயே அதிகம் இருக்கும் என்றால் 15.6. பேட்டரியை மணி நேரத்தில் சொல்லும் விளம்பரத்தை விட்டுவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். கோடிங் செய்யும்போது சுமாராக 8 வாட் எடுக்கும் லேப்டாப்பில் 42 வாட்-அவர் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும். டைப்-சி சார்ஜிங் இருந்தால் கூட்டத்தில் அடாப்டர் தொலைந்தாலும் வேறொன்று சுலபமாகக் கிடைக்கும். ஆனால் டைப்-சி போர்ட் இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை, கேட்டு வாங்குங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஷோரூமா, ஆன்லைனா?

விலை மூன்றிலும் கேளுங்கள், ஆனால் ஒரே முழு மாடல் எண்ணுக்குக் கேளுங்கள். பெயர் ஒன்றாகவே இருக்கும், கடைசி நாலு எழுத்தில் ராமும் திரையும் மாறிவிடும். ஆன்லைனில் வங்கிக் கார்டு தள்ளுபடி பெரும்பாலும் கூடுதல். வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவையுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டின் பலம் நேரில் தொட்டுப் பார்க்கலாம், கையோடு ராம், எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம் என்பது. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கமிருந்து மெட்ரோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம், அங்கிருந்து நடக்கும் தூரம்.

திரையைப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் வெளிறி இருண்டால் அது டிஎன் திரை. நான்கு வருஷம் பார்க்கப் போகும் கண்ணுக்கு அது வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். அந்த நம்பரை அங்கேயே தயாரிப்பாளர் தளத்தில் போட்டு இந்திய வாரன்டி காட்டுகிறதா என்று பாருங்கள். பர்மா பஜாரில் கேபிள், மவுஸ், பை வாங்கலாம். பில் இல்லாத லேப்டாப் வாங்காதீர்கள்.

அவ்ளோ காசு இல்ல. இருபது, இருபத்தஞ்சுல செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. புது செலரானை விடக் கம்பெனிகளில் ஓடித் திரும்பிய பழைய பிசினஸ் லேப்டாப் எவ்வளவோ மேல். திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5 போன்றவற்றில் கீபோர்ட் நல்லது, உடல் உறுதி, ராம் ஸ்லாட் இரண்டு. ஒரு கோட்டை மட்டும் தாண்டாதீர்கள்: இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏறும். ஐ7 என்று சொல்லி நான்காம் தலைமுறையைத் தலையில் கட்டுவது வழக்கமாக நடப்பது. ஐ7-4600யு என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-8350யு என்றால் எட்டு.

செகண்ட் ஹேண்ட்ல கடையிலேயே என்னென்ன செக் பண்ணணும்?

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பேட்டரி. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி 50,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 25,000 என்றும் இருந்தால் பேட்டரி பாதிதான் மிச்சம். புதுப் பேட்டரிக்கான விலையைக் குறைத்துக் கேளுங்கள். எஸ்எஸ்டி ஆரோக்கியத்துக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். எல்லா யூஎஸ்பி ஓட்டையிலும் பென் டிரைவ் செருகுங்கள், எல்லா எழுத்தையும் அடியுங்கள், வீடியோ கால் போட்டு கேமராவும் மைக்கும் பாருங்கள், மூடியைப் பாதியில் நிறுத்தி கீல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது பூட்டு. விண்டோஸ் திறப்பதற்கு முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். பிறகு விண்டோஸை ரீசெட் செய்து வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு அவர்கள் மெயில் ஐடி கேட்டு ஒரு திரை வந்தால், அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் பதிவிலேயே இருக்கிறது. கடைக்காரர் தற்காலிகமாக அதைத் தாண்டித் தந்தாலும் அடுத்த ரீசெட்டில் திரும்ப வரும். அதையும் வாங்காதீர்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ நிஜமாவே செலவில்லாததா? எஜுகேஷன் லோன்ல சேருமா?

முழுக்கச் செலவில்லாதது அல்ல. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, கார்டில் அதே வட்டியை மாதாமாதம் வாங்குகிறார்கள். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் செயல்முறைக் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கத்துக்குத் தரும் தள்ளுபடி இஎம்ஐயில் போய்விடுகிறதா என்றும் கேளுங்கள்.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான கம்ப்யூட்டரை நியாயமான விலையில் வாங்கும் செலவும் சேரும். கடன் விண்ணப்பத்தின்போதே கொட்டேஷனை வைத்து அதையும் எழுதுங்கள். பிறகு சேர்ப்பது கஷ்டம்.

விண்டோஸ் இல்லாம டாஸ்னு போட்டு ரெண்டாயிரம் மூவாயிரம் கம்மியா தர்றாங்க. வாங்கலாமா?

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் வேலை செய்வேன் என்கிறவர்கள் வாங்கலாம். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு இலவசம், ஜிசிசி (சி கம்பைலர்), பைத்தான், கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) எல்லாம் அதில் இயல்பாக ஓடும். உங்கள் லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலரை வைத்து நடத்தினாலும் வீட்டில் ஜிசிசியில் பழகுங்கள், கம்பெனிகளில் டர்போ சி கிடையாது. வேர்டு, எக்செல்லுக்குப் பதில் லிப்ரேஆபீஸ் போதும். கடைக்காரர் கிராக் விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் இப்படித்தான் உள்ளே வருகின்றன.

விண்டோஸோட லினக்ஸும் போட்டேன், ஏதோ 48 நம்பர் ரெகவரி கீ கேட்டு நிக்குது. என்ன ஆச்சு?

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் பூட்டியிருக்கிறது. புது விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாக மறையாக்கம் ஆகிவிடும். பயாஸில் செக்யூர் பூட் போன்றவற்றைத் தொட்டால் சாவி கேட்கும். அந்தச் சாவி முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டப் செய்தீர்களோ அதில் இருக்கும். வேறொரு கணினியில் அந்தக் கணக்கில் நுழைந்து எடுக்கலாம். கடையிலேயே கடைக்காரர் தன் மெயிலில் செட்டப் செய்து கொடுத்திருந்தால் சாவி அவரிடம். அதனால் முதல் செட்டப்பை உங்கள் மெயிலில், உங்கள் கையால் செய்யுங்கள்.

பாடத்துக்கு மட்டும் லினக்ஸ் வேண்டும் என்றால் டிஸ்க்கைப் பிரிக்கவே வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல், விண்டோஸ் ஹோமிலேயே ஓடும். அது நிறுவ மறுத்தால், டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் டிசேபிள்டு என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாஸில் போய் ஆன் செய்யுங்கள்.

சார்ஜ் போட்டுத் தொட்டா விறுவிறுன்னு ஷாக் அடிக்குது. லேப்டாப் டிஃபெக்டா? ஸ்டெபிலைசர் வாங்கணுமா?

பெரும்பாலும் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. பழைய ஸ்டோர் வீடுகளிலும் ஹவுசிங் போர்டு வீடுகளிலும் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் உலோக உடலுக்கு வருகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை அதுவே சமாளிக்கும். கரன்ட் திரும்ப வரும்போது பாயும் திடீர் உச்சத்துக்குத்தான் சர்ஜ் பாதுகாப்புள்ள ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும். அதுவும் எர்த் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

காசிமேட்டுல கடலுக்குப் பக்கத்து வீடு. உப்புக் காத்துல கெட்டுடுமா?

நாளாவட்டத்தில் யூஎஸ்பி போர்ட்டும் சார்ஜிங் பின்னும் பச்சை பூக்கும். கடல் பக்க ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் பையில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று வைத்து மூடுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் தூசியும் சேருவதால் வருஷத்துக்கு ஒரு தடவை ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்றோட்டம் அடைபட்டு, பிராசஸர் சூடாகி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மழைத் தண்ணி உள்ள பூந்துடுச்சு. அரிசிக்குள்ள வைக்கலாமா?

வேண்டாம். அரிசியால் போர்டுக்குள் இருக்கும் உப்பையும் சாக்கடை அழுக்கையும் எடுக்க முடியாது. அரிப்பது அவைதான். ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றி, கவிழ்த்து வைத்து, மறுநாளைக்குள் போர்டைக் கழுவித் தரும் சர்வீஸ்காரரிடம் கொடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த தெருக்களில் தரைத் தளத்தில் இருப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை லேப்டாப்பை இரவில் பரண் மேல் வையுங்கள். எழுதிய நிரலை கிட்ஹப் என்ற தளத்தில் ஏற்றி வைத்தால் மெஷின் போனாலும் ப்ராஜெக்ட் போகாது. சாதாரண வாரன்டி தண்ணீருக்குச் செல்லாது. விபத்துப் பாதுகாப்புத் திட்டம் தனியாக வாங்கியிருந்தால்தான் உண்டு.

அக்காவுக்கு ஸ்கூல்ல கொடுத்த பழைய அரசு லேப்டாப் இருக்கு. அதை வெச்சு ஒரு வருஷம் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 256 ஜிபி போடுங்கள். ஸ்லாட் இருந்தால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். பழைய மாடலில் டிடிஆர்3 இருக்கும், அது பழைய பொருளாகவே கிடைக்கும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது லுபுண்டு போடுங்கள். சி, பைத்தான், ஹெச்டிஎம்எல், எஸ்கியூஎல் வரை அதில் வேலை நடக்கும். பிறகு புது லேப்டாப் வாங்கும்போது இந்த எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும்.

பேட்டரி செத்திருந்தால் அடாப்டரிலேயே ஓட்டலாம். உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். குத்தாமல், அழுத்தாமல் கழற்றி, குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.